25 பவுண் கம்பைலர், ஐந்து கிலோ தேயிலைக்கு

மாமாவின் கடிதத்தை அப்பா சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். "தம்பி கேட்ட கேசட் 25 பவுண் விலை" என்ற வரி வந்ததும் அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். "இருவத்தஞ்சு பவுணா? நம்மகிட்ட இருக்கிற எல்லாத்தையும் சேத்து உருக்கினாலும் நாலு பவுண் தேறாது. இவனுக்கு ஒரு கேசட்டுக்கா?" அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அது நகைப் பவுண் இல்லை, வெள்ளைக்காரன் காசு என்று விளங்கப்படுத்தினார். அப்படியும் 1986இல் அது கிட்டத்தட்ட 1,000 ரூபாய் வருகிறது என்று கணக்குப் பார்த்ததும், அம்மாவின் முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

அந்தக் கேசட்டுக்குத்தான் இந்த விமர்சனம். ஹைசொஃப்ட் பாஸ்கல் 4டி. இங்கிலாந்தில் டன்ஸ்டபிள் என்ற ஊரில் இருந்த ஹைசொஃப்ட் கம்பனி, சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கம்பியூட்டருக்காக விற்ற பாஸ்கல் கம்பைலர். கம்பைலர் என்றால், பாஸ்கல் போன்ற மொழியில் நாம் எழுதும் புரோகிராமை இயந்திரத்துக்கு நேரே விளங்கும் மிசின் கோடாக மொழிபெயர்த்துத் தருவது. நாற்பது வருஷம் பிந்தி வந்து விமர்சனம் எழுதுகிற ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். போன தைப்பொங்கலுக்குத் தலவாக்கலை வீட்டில் பரணைத் துப்பரவாக்கும்போது பெட்டியோடு அகப்பட்டது. சும்மா போட்டுப் பார்த்தேன், லோட் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் எழுதாமல் இருந்தால் மாமாவுக்குச் செய்கிற துரோகம்.

மாமா கப்பலில் வேலை பார்த்தார். 1985 டிசம்பர் லீவுக்கு வந்தபோது, லண்டனில் யாரிடமோ பாவித்ததை வாங்கிய 48 கே ஸ்பெக்ட்ரம் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். 1982இல் அது வெளிவந்தபோது 175 பவுண், அடுத்த வருஷமே 129.95க்கு இறங்கியது என்று அதோடு வந்த பழைய சஞ்சிகைகளில் படித்தேன். சதுரக் கால் பிளக்கை எங்கள் வட்டத் துளை சொக்கட்டில் மாட்டுவதற்கே இரண்டு நாள் போனது. அப்பா தேயிலை ஃபெக்டரியில் டீமேக்கர். ஃபெக்டரிக்குப் பக்கத்திலேயே ஸ்டாப் குவாட்டர்ஸ், அதனால் எங்களுக்குக் கரண்ட் இருந்தது. அரை மைல் தள்ளியிருந்த லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) அப்போது மண்ணெண்ணெய் விளக்குத்தான். கூட்டாளிமார் டிவி பெட்டியில் ஏதோ ஓடுவதைப் பார்க்க வருவார்கள்.

பேசிக் என்ற புரோகிராம் எழுதும் மொழி கம்பியூட்டரோடேயே வந்தது. இரண்டு மாதத்தில் அதன் எல்லை தெரிந்துவிட்டது. ஒன்றிலிருந்து ஆயிரம் வரை எண்ணு, வேறு ஒன்றும் செய்யாதே என்றால்கூட நாலைந்து செக்கன் எடுத்துக்கொள்ளும். எனக்கோ ஒரு பெரிய ஆசை இருந்தது. எங்கள் டிவிசன் கிளாக்கர் ஐயா மாதக் கடைசியில் நடுச்சாமம் வரை செக்ரோல் என்ற சம்பளக் கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுவார். யாருக்கு எத்தனை பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்), எத்தனை அரைப்பேர், மேலதிகக் கொழுந்து எத்தனை கிலோ, முற்பணம் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று 120 ஆட்களுக்குக் கையால் கூட்டுவார். அதை இந்தப் பெட்டியைக் கொண்டு செய்விக்க வேண்டும் என்று நினைத்தேன். பேசிக்கில் எழுதியும் பார்த்தேன். 120 ஆட்களைக் கிலோ வரிசையில் அடுக்கச் சொல்லிவிட்டு, எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். வந்த பிறகும் அடுக்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே கம்பைலர் தேட ஆரம்பித்தேன். முதலில் போனது மலிவான வழி. பள்ளிக்கூட லீவில் உடரட்ட மெனிக்கே ரயில் ஏறிக் கொழும்புக்குப் போய், ஒரு கடையில் 75 ரூபாய்க்கு இதே பாஸ்கலின் கொப்பி ஒன்றை வாங்கிவந்தேன். வெறும் கேசட், லேபலில் பேனையால் எழுதிய பெயர், புத்தகம் கிடையாது. ஐந்து தடவை போட்டேன், ஐந்து தடவையும் பாதியில் 'டேப் லோடிங் எரர்'. ஆறாவது தடவை முழுதாக ஏறி, திரையின் ஓரத்தில் ஒரு > குறி மட்டும் வந்து நின்றது. எதை அடித்தாலும் 'பார்டன்?' என்று பதில் வந்தது. நான் என்னென்னவோ அடித்தேன். அதுவும் ஒவ்வொரு முறையும், காது கேட்காத துரை மாதிரி, மரியாதையாகப் பார்டன் கேட்டது. இரண்டு மாதம் இப்படிப் போனது. திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் என்னைப் பார்த்த ஞாபகமே இல்லை என்றார். ரயில் காசோடு சேர்த்தால் அந்த 75 ரூபாய்தான் நான் கம்பைலருக்குக் கொடுத்த மிகக் கூடிய விலை.

அதன் பிறகுதான் மாமாவுக்குக் கடிதம், அம்மாவின் கரண்டி எல்லாம். மாமா காசு வாங்க மறுத்துவிட்டார். "அத்தானுக்குக் கிடைக்கிற தேயிலையில் நல்ல பி.ஓ.பி. ரகம் ஐந்து கிலோ சேர்த்து வைக்கச் சொல். கப்பலில் குடிக்கிறது தேத்தண்ணியே இல்லை" என்று எழுதினார். அப்பாவுக்கு மாதாமாதம் கிடைக்கும் தேயிலைப் பங்கில் அம்மா கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினார். அத்தனை மாதமும் வீட்டில் டஸ்ட் என்ற தூள் ரகம்தான். டீமேக்கர் வீட்டில் டஸ்ட் குடிப்பதைப் போன்ற அவமானம் வேறில்லை என்று அப்பா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

வந்த பெட்டியில் கேசட்டை விடப் புத்தகம்தான் எனக்குப் பெரிது. கையேட்டின் முதல் பக்கங்களிலேயே இது எந்த பாஸ்கல், எது உண்டு, எது இல்லை என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். ஃபைல் வகை கிடையாது. ரெக்கோர்டில் வேரியன்ட் பகுதி கிடையாது. புரொசீஜரை (பெயரிட்ட கட்டளைத் தொகுப்பை) இன்னொரு புரொசீஜருக்குக் கொடுக்க முடியாது. மற்றபடி நிக்லவுஸ் விர்த் சூரிச்சில் வடிவமைத்து 1970இல் வெளியிட்ட மொழி கிட்டத்தட்ட முழுதாக இருந்தது. (2024 புத்தாண்டு அன்று விர்த் காலமான செய்தியைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கையேட்டின் மணம்தான்.) கம்பைலர் 12 கிலோபைட், புரோகிராம் ஓடும்போது துணை நிற்கும் ரன்டைம் 4 கிலோபைட். இதுதான் நான் மதிக்கிற இடம். 48 கிலோபைட் இயந்திரத்தில் திரைக்கே ஏழு கிலோபைட் போய்விடும். மிச்சத்தில் கம்பைலர், எடிட்டர், நீங்கள் எழுதியது, அது மொழிபெயர்த்துத் தந்த மிசின் கோட் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே அறையில் குடியிருக்க வேண்டும். லயத்து வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்.

ஒரே நேரத்தில் எல்லாம் உள்ளே இருப்பதால் பிழை திருத்துவது சுகம். கேசட்டை மாற்ற வேண்டியதில்லை. எடிட்டரில் எழுதுகிறீர்கள், சி அடிக்கிறீர்கள், வரிகள் திரையில் ஓடுகின்றன. பிழை என்றால் அந்த இடத்தில் நின்று 'எரர்' என்று சொல்லி, பிழையான சொல்லை அடுத்து ஒரு மேல்நோக்கிய அம்புக்குறியும் ஓர் எண்ணும் போடும். எண்ணைப் புத்தகத்தில் பார்க்க வேண்டும். ஈ அடித்தால் அந்த வரியைத் திருத்தலாம், பி அடித்தால் அதற்கு முந்திய வரிக்குப் போகலாம். இந்த 'முந்திய வரி' வசதியை யோசித்தவரைக் கும்பிட வேண்டும். பாஸ்கலில் அரைப்புள்ளியை மேல் வரியில் மறந்தால் கீழ் வரியில்தான் அது கத்தும்.

அரைப்புள்ளி பற்றி ஒரு வார்த்தை. ஸ்பெக்ட்ரத்தின் ரப்பர் விசைகளில் அரைப்புள்ளி போட, வலது பக்கக் கீழ் மூலையை ஒட்டி உள்ள சிம்பல் ஷிஃப்ட்டை ஒரு விரலால் அமுக்கிக்கொண்டு ஓ விசையை அடிக்க வேண்டும். ஒரு மதிப்பை மாறியில் போடுவதற்கு முக்காற்புள்ளியும் சமன் குறியும் வேண்டும். அதற்கு சிம்பல் ஷிஃப்ட்டோடு இசட், பிறகு சிம்பல் ஷிஃப்ட்டோடு எல். பேசிக்கில் என்றால் எல் விசையை ஒரு தட்டுத் தட்டினால் 'லெட்' என்று முழுச் சொல்லும் விழுந்துவிடும். இங்கே புரொசீஜர் என்றால் ஒன்பது எழுத்தையும் ஒவ்வொன்றாக அமுக்க வேண்டும். நுவரெலியாப் பக்கத்து ஜனவரிக் குளிரில், விரல் விறைத்த நேரத்தில் அந்த ரப்பரை அமுக்கிப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். என் இடது சுட்டுவிரல் இன்றும் தூக்கத்தில் இசட்டைத் தேடும்.

வேகம்? பேசிக்கில் தேத்தண்ணி ஊற்றப் போன அதே அடுக்கும் வேலையைப் பாஸ்கலில் எழுதி ஆர் அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் பட்டியல் திரையில் இருந்தது. ஏதோ பிழை, அடுக்காமலேயே காட்டுகிறது என்று நினைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அவ்வளவுதானா? இதுக்கா நான் டஸ்ட் குடிச்சேன்?" என்றார்.

அடுத்து உண்மையான கணக்கு. கிளாக்கர் ஐயாவிடம் கெஞ்சி, முடிந்துபோன ஒரு மாதத்துச் செக்ரோலை வாங்கி, இரண்டு நாள் இருந்து எண்களை ஏற்றினேன். சம்பளத்தைச் சதத்தில் வைத்தேன், தசமப் பிரச்சினை வராதே என்று. ஐயா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ஓட விட்டேன். முதல் சில ஆட்கள் வந்தார்கள், பிறகு 'ஓவர்ஃப்ளோ' என்று நின்றுவிட்டது. அந்த ஆளைத் தள்ளிவிட்டு ஓட்டினால் இன்னும் மூன்று பேர், திரும்பவும் ஓவர்ஃப்ளோ. இரண்டு இரவு மண்டையைக் குடைந்த பிறகுதான் விளங்கியது. இந்த பாஸ்கலில் முழு எண் 16 பிட். 32,767க்கு மேல் போகாது. சதத்தில் பார்த்தால் அது 327 ரூபாய் 67 சதம். வேலைக்குக் குறைவாக வந்தவர்கள் எல்லாம் பிரச்சினை இல்லாமல் கடந்து போனார்கள். மாதம் முழுக்கப் பேர் போட்டவர்களிடம்தான் இயந்திரம் விழுந்தது. ஐயாவிடம் சொன்னேன். "அப்ப இதுவும் நம்ம தோட்டத்துப் புத்திதான் தம்பி. ஒழுங்கா உழைச்சவங்களுக்குக் கணக்குப் பாக்கத் தெரியாது" என்றார்.

ரூபாயை ஓர் எண்ணாகவும் சதத்தை இன்னோர் எண்ணாகவும் பிரித்து வைத்துச் சரிக்கட்டினேன். இதைக் கம்பைலரின் குறை என்று சொல்ல மாட்டேன். அது நின்று சொன்னது. சொல்லாமல் பிழையான சம்பளத்தைக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேகம் வேண்டுமென்றால் கூட்டல் கழித்தலுக்கான இந்தச் சோதனையை நிறுத்திவைக்க ஒரு வசதி உண்டு. விளையாட்டு எழுதுகிறவர்கள் நிறுத்தட்டும். சம்பளம் போடுகிறவர்கள் தொடவே கூடாது.

உண்மையான குறைகள் வேறு. எழுத்துச் சரம் என்று தனி வகை இல்லை, நீளம் குறித்த எழுத்து வரிசைதான். கேசட்டில் தரவைப் பதிய ரவுட்டீன் இருக்கிறது, ஆனால் ஃபைலின் பெயர் சரியாக 8 எழுத்து இருக்க வேண்டும். ஐந்து எழுத்துப் பெயர் என்றால் மூன்று இடைவெளி நீங்களே போட வேண்டும். ஏழு போட்டீர்களோ, கம்பைலர் ஏற்காது. இது சின்ன எரிச்சல். பெரிய எரிச்சல் டி கட்டளை. உங்கள் புரோகிராமைக் கம்பைலர் இல்லாமல் தனியாக ஓடும்படி கேசட்டில் எழுதித் தருவது அதன் வேலை, அருமையான வசதி. ஆனால் அதைச் செய்யும்போது கம்பைலர் இருந்த இடத்தை அழித்துத்தான் செய்யும். 'ஓகே?' என்று ஒரு தடவை கேட்கும். நீங்கள் எழுதியதை முன்கூட்டியே எடிட்டரின் பி கட்டளை கொடுத்துக் கேசட்டில் பதியாமல் வொய் அடித்தால் எல்லாம் போச்சு. நான் அடித்திருக்கிறேன். ஒரு முறை இல்லை.

இதோடு எங்கள் வீட்டுக்கே உரிய ஒரு தொல்லையும் இருந்தது. அந்திக்குக் கொழுந்து லொறி வந்து இறக்கியதும் ஃபெக்டரியில் வாட்டும் விசிறிகளைப் போடுவார்கள். வீட்டு பல்ப் ஒரு கணம் மங்கி எழும்பும். பல்புக்கு அது கண் சிமிட்டல், ஸ்பெக்ட்ரத்துக்கு மரணம். திரை வெளுத்து, சின்க்ளேரின் பெயரோடு புதிதாகப் பிறந்து நிற்கும். இரண்டு மணி நேர எழுத்து காற்றோடு போய்விடும். கடைசியில் அப்பாவே ஓர் ஏற்பாடு செய்தார். விசிறி போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஃபெக்டரிப் பையன் ஒருவன் ஓடி வந்து ஜன்னலில் தட்டுவான்: "அண்ணே, டீமேக்கர் ஐயா பதியச் சொன்னாரு!" உலகத்தில் வேறு எந்தக் கம்பைலர் பாவனையாளருக்கும் இப்படி ஒரு சேவை கிடைத்திருக்காது.

அன்றைக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஃபோர்த் மொழி இதைவிட மலிவு, ஆனால் கூட்டல் குறியைக் கடைசியில் போட்டு எழுதும் மொழியில் செக்ரோல் எழுத எனக்குப் பொறுமை இல்லை. பேசிக்கைக் கம்பைல் பண்ணித் தரும் கேசட்டுகளும் விளம்பரத்தில் வந்தன. அவற்றில் சில முழு எண் மட்டுமே தெரிந்தவை. பெரிய கம்பியூட்டர் வைத்திருந்தவர்களுக்கு 1983 நவம்பரில் போர்லண்ட் கம்பனியின் டர்போ பாஸ்கல் 49.95 டொலருக்கு வந்து பெரிய புரட்சி செய்தது. மற்றவர்கள் நூற்றுக்கணக்கான டொலர் கேட்ட காலம் அது. ஆனால் அதற்கு சிபி/எம் அல்லது டொஸ் என்ற இயக்க முறைமை ஓடும் மெசின் வேண்டும். அந்த மெசின் விலைக்கு எத்தனை கிலோ பி.ஓ.பி. என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

இன்றைக்கு நிலைமை வேறு. என் தங்கை மகள் மொரட்டுவையில் படிக்கிறாள். பரணில் இருந்து இறக்கிய பெட்டியைப் பார்த்துவிட்டு, "மாமா, இதுக்கு இப்பவும் கம்பைலர் இருக்கு, அதுவும் சும்மா" என்று லப்டொப்பில் காட்டினாள். இசட்88டிகே என்ற, சி மொழிக்கான கம்பைலர். போரியல் என்பவர் எழுதிய பேசிக் கம்பைலரும் உண்டு. இரண்டும் இலவசம். லப்டொப்பில் எழுதி, அங்கேயே கம்பைல் பண்ணி, ஸ்பெக்ட்ரம் போலவே நடிக்கும் எமுலேட்டரில் ஓட்டலாம். ஹெட்போன் வயரை ஸ்பெக்ட்ரத்தின் காதில் ('இயர்' என்ற துளையில்) குத்தி உண்மையான பெட்டியிலும் ஏற்றலாம். ஸ்பெக்ட்ரத்துக்கு இன்று விளையாட்டு எழுத விரும்புகிறவர்கள் அதையே எடுங்கள், யோசிக்க வேண்டாம். வேகம் கூட, நினைவக நெருக்கடி இல்லை, அரைப்புள்ளிக்கு ஒரு விரல் போதும்.

ஆனாலும் பெட்டி அந்தப் பெட்டியாகவே, தனியாக நின்று, தன் புரோகிராமைத் தானே மொழிபெயர்ப்பதைப் பார்க்க விரும்பினால் ஹைசொஃப்ட் பாஸ்கலைவிட ஒழுங்கான ஒன்றை நான் பார்த்ததில்லை. தங்கை மகள் முதலில் சிரித்தாள். பிறகு வரி எடிட்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பகா எண்கள் காட்டும் புரோகிராம் ஒன்று எழுதினாள். மூன்று இடத்தில் அரைப்புள்ளி விட்டாள். அம்புக்குறி மூன்று இடத்திலும் சரியாகக் காட்டிக் கொடுத்தது.

பழைய கேசட் யாரிடமாவது அகப்பட்டால் சில விஷயம். மலைநாட்டு ஈரத்தில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் கேசட் தப்பியதற்குக் காரணம், அம்மா அதை பிஸ்கட் டின்னில் போட்டு, காய்ந்த தேயிலையைத் துணியில் முடிந்து கூடவே வைத்திருந்தார். ரெக்கோடரின் சத்தத்தை முக்கால்வாசிக்கு வையுங்கள், முழுதாக வைத்தால் பிழை வரும். ஏறி முடிந்ததும் 'டொப் ஒஃப் ராம்?' என்று கேட்கும், ஒன்றும் அடிக்காமல் என்டரைத் தட்டுங்கள். இன்னும் ஏதாவது கேட்டால் அதற்கும் என்டர். > குறி வந்து நிற்கும். பார்டன் கேட்டால் பயப்படாமல் ஐ அடித்து, பத்து, கமா, பத்து என்று போடுங்கள். முதல் வரி திறக்கும்.